திரும்ப வேண்டியவர் யார்?

ஓட்டப்பிடாரத்திலிருந்து தருவைகுளம் பக்கம் போகிறவர்கள் வழியில் ஏதாவது ஒரு சுவரில் இந்தச் சொல்லைப் படிக்காமல் போக முடியாது: மனந்திரும்பு. கரிசல் முடிந்து உப்பளம் தொடங்குகிற வெளியில், கோடைக்கால இரவுகளில் நடக்கும் உயிர்மீட்சிக் கூட்டங்களின் ஒலிபெருக்கிகளும் இதையே சொல்கின்றன. மேடையில் நின்று சொல்பவர் பெரும்பாலும் ஆண். கீழே பாய்விரித்து உட்கார்ந்து கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பகலெல்லாம் வேப்பலோடை உப்பளத்தில் பாத்திகளில் நின்றுவிட்டு, காலில் வெடிப்புகளோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள். அழச் சொன்னால் அழுகிறார்கள். பாவத்தை அறிக்கையிடச் சொன்னால் கண்ணை மூடி முணுமுணுக்கிறார்கள்.

இவர்கள் செய்த பாவம் என்ன? இந்தக் கேள்விதான் என்னை இந்தச் சொல்லின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது. நான் பிறந்த வீட்டில் விவிலியம் இருந்ததில்லை. தமிழ் நடத்துகிறவளாகத்தான் நான் கிறிஸ்தவத் தமிழிடம் வந்து சேர்ந்தேன். எங்கள் பாடத்திட்டத்தில் அது ‘தமிழின் முதல் அச்சு நூல் எது?’ என்ற ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடக்கிறது. அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் எங்கள் கடற்கரைப் பெண்களின் ஐந்நூறு ஆண்டுக் கதை இருக்கிறது.

சொல் பிறந்த இடம்

நற்செய்தி என்பதற்கான கிரேக்கச் சொல் எவாங்கெலியோன். கிறிஸ்தவர்கள் கையில் எடுப்பதற்கு முன்பே அது ரோமப் பேரரசில் புழங்கிய சொல். இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனேயில் கிடைத்த கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பேரரசர் அகஸ்டஸின் பிறந்தநாளை உலகத்துக்கான நற்செய்தியின் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. அரண்மனையிலிருந்து கீழே இறங்கி வந்த அந்தச் சொல்லைக் கலிலேயாவின் எளிய மனிதர்கள் பறித்துக்கொண்டார்கள். அதே பேரரசு சிலுவையில் அறைந்து கொன்ற ஒருவரைப் பற்றிப் பேச அதைப் பயன்படுத்தினார்கள். அந்தத் துணிச்சலை நாம் மதிக்க வேண்டும்.

நான்கு நற்செய்தி நூல்களில் மிகப் பழையது மாற்கு எழுதியது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது. அதில் இயேசுவின் முதல் பேச்சே இறைவனின் ஆட்சி நெருங்கிவிட்டதை அறிவித்து மனந்திரும்பச் சொல்வதுதான். அங்கே வரும் கிரேக்கச் சொல்லின் பெயர்வடிவம் மெத்தனோயா: மனம் மாறுதல், எண்ணுகிற முறையே மாறுதல். ஆனால் இயேசு பேசியது அரமேய மொழி. அவர் வளர்ந்த யூத மரபில் இதற்குரிய எபிரேய வேர் ‘ஷூவ்’. அதற்குத் திரும்புதல் என்று பொருள். தப்பான வழியில் போய்க்கொண்டிருப்பவர் நின்று, திரும்பி, வந்த வழியே நடப்பது. கிரேக்கச் சொல்லில் மனம் இருக்கிறது. எபிரேயச் சொல்லில் கால் இருக்கிறது. ‘மனந்திரும்புதல்’ என்ற நம் தமிழ்ச் சொல்லில் இரண்டும் சேர்ந்து கிடக்கின்றன. இவ்வளவு பொருத்தமான மொழிபெயர்ப்பு பல மொழிகளுக்கு வாய்க்கவில்லை.

இயேசுவுக்கு முன் யோர்தான் ஆற்றங்கரையில் இதே அழைப்பை விடுத்தவர் யோவான். லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் மக்கள் அவரிடம் போய், அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது என்று கேட்கிறார்கள். அவர் சொல்லும் பதில்களைப் பாருங்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவர்கள் விதித்ததற்கு மேல் பிடுங்கக் கூடாது. படைவீரர்கள் மிரட்டிப் பணம் பறிக்கக் கூடாது, பொய்க் குற்றம் சாட்டக் கூடாது. அந்தப் பட்டியலில் பெண்ணின் உடை இல்லை, நகை இல்லை, நடத்தை இல்லை. உடைமையும் ஆயுதமும் அதிகாரமும் வைத்திருப்பவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்ட சொல்லாகவே மனந்திரும்புதல் அங்கே பிறக்கிறது.

பிறகு அது திசை மாறியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எரோணிமுஸ் உருவாக்கிய லத்தீன் விவிலியத்தில் மெத்தனோயா ‘பெனித்தென்சியா’ ஆயிற்று. அந்தச் சொல்லுக்கு வருத்தம், கழுவாய், தண்டனையை ஏற்றல் என்றெல்லாம் நிழல் உண்டு. மனம் மாறச் சொன்ன அழைப்பு, செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்யச் சொல்லும் கட்டளையாகக் கேட்கத் தொடங்கியது. பாவங்களுக்குப் பட்டியல் வந்தது; கேட்க ஒரு குரு வந்தார்; தீர்வைக்கு அளவு வந்தது. 1517இல் லூத்தர் முன்வைத்த 95 கருத்துகளில் முதலாவதே இந்தச் சொல்லைப் பற்றியதுதான். மனந்திரும்புதல் வாழ்நாள் முழுதும் நடக்க வேண்டியது, ஒரு சடங்கோடு முடிவதல்ல என்று அவர் வாதிட்டார்.

இந்தத் திசைமாற்றத்தில் ஒரு பெண்ணின் பெயரும் சிக்கிக்கொண்டது. உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு, செய்தியைச் சீடர்களுக்கு எடுத்துச் சென்றவர் மகதலேனா மரியாள் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. நற்செய்தியின் முதல் தூதர் ஒரு பெண். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளோ, கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் அச்சத்தால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதோடு முடிந்துவிடுகின்றன. பேசிய பெண், பேச முடியாமல் போன பெண்கள் என்று இரண்டு நினைவுகளும் ஆரம்பத்திலேயே இருக்கின்றன. 591இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி தம் மறையுரை ஒன்றில், மகதலேனாவையும் லூக்கா குறிப்பிடும் பெயரில்லாத ‘பாவியான பெண்’ணையும் ஒருவராக்கினார். அதற்குப் பின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓவியங்களில் அவள் கூந்தலை விரித்து அழுதுகொண்டே இருந்தாள். 1969இல்தான் கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அந்தக் குழப்பத்தை விலக்கியது. செய்தி கொண்டுவந்தவளை மனந்திரும்பியவளாக மாற்ற ஒரு மறையுரை போதுமாக இருந்தது. மாற்றியதைத் திருத்த 1378 ஆண்டுகள் ஆயின.

பணியாரம் விற்றவள்

இந்தச் சொல் எங்கள் கரைக்கு வந்த கதையும் பெயரில்லாத ஒரு பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது. 1530களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாகப் பரதவர்களுக்கும் மரைக்காயர்களுக்கும் இடையே போட்டி முற்றியிருந்தது. இயேசு சபையார் எழுதிவைத்த கதைப்படி, தூத்துக்குடியில் பணியாரம் விற்றுக்கொண்டிருந்த பரதவப் பெண் ஒருத்தியை ஒருவன் அவமதித்தான். அவள் கணவன் சண்டைக்குப் போனான். அந்தச் சண்டையில் அவன் காது நகையோடு சேர்த்து அறுபட்டது. காதறுபட்ட அவமானம் இரு சமூகங்களுக்கும் இடையே போராக வெடித்தது.

அதன் பின் நடந்தவை வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன. குதிரை வணிகரான ஜோவான் த குருசின் ஆலோசனைப்படி பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள், திருமுழுக்குப் பெற்றார்கள். 1536–37இல் வேம்பாறு, வைப்பாறு முதல் மணப்பாடு வரையிலான கரையில் சுமார் 20,000 பேர் கிறிஸ்தவர்களானார்கள். 1538இல் வேதாளையில் நடந்த கடற்போரில் போர்த்துக்கீசியர் வென்றதும் முத்துக்குளிக்கும் கரை அவர்கள் பிடிக்குள் வந்தது.

தங்கள் தொழிலையும் உயிரையும் காத்துக்கொள்ள ஒரு சமூகம் எடுத்த அரசியல் முடிவு அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. என் கவனம் அந்தக் கதையின் நகர்வில் இருக்கிறது. அவமானம் பட்டது ஒரு பெண். கதை சீக்கிரமே அவள் கணவனின் காதுக்கு நகர்கிறது. காதிலிருந்து சாதியின் மானத்துக்கு. அங்கிருந்து இரண்டு வணிகக் கூட்டங்களின் போருக்கு. அவமதித்தவன் அவளிடம் திரும்பி வந்தானா என்று யாரும் எழுதவில்லை. அவள் மறுநாளும் பணியாரம் விற்கப் போனாளா என்றும் எழுதவில்லை.

மூன்று நாள் சிறை

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். திருமுழுக்குப் பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் மக்களுக்குச் செபம் தெரியவில்லை என்று கண்டு, இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி நம்பிக்கை அறிக்கையையும் கட்டளைகளையும் தமிழாக்கினார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்க் குழந்தைகளைக் கூட்டினார். பெண்களுக்குச் சனிக்கிழமை, ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று கோயிலுக்கு வர நாள் பிரித்தார்.

அவருடைய தமிழாக்கத்தில் சுவையான ஒரு பிழை இருந்தது. நம்பிக்கை அறிக்கையில் ‘விசுவாசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்திருக்கிறது. 1544இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அதை மாற்றச் சொல்கிறார். அதுவரை அந்தச் சனிக்கிழமைப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து, கடவுள் தங்களுக்கு வேண்டும் என்றே சொல்லியிருப்பார்கள். வீட்டில் எதையும் வேணும் என்று கேட்கப் பழகாத வாய்கள் அவை. இறையியலுக்கு அது பிழை. எனக்கென்னவோ அந்தப் பிழையை அவ்வளவு எளிதாக அழித்துவிட மனம் வரவில்லை.

அதே ஆண்டு, அதே மன்சிலாசுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் ஓர் உத்தரவு இருக்கிறது. சாராயம் குடிக்கும் பெண் பிடிபட்டால் ஆளுக்கு ஒரு பணம் காவலனுக்கு உண்டு. குடித்த பெண்ணுக்கு மூன்று நாள் சிறை. மனந்திரும்புதல் இங்கே காவலனுக்கு வருமானமாகவும் பெண்ணுக்குச் சிறையாகவும் வந்து சேர்கிறது.

சவேரியாரின் கடிதங்களை முழுதாகப் படித்தால் அவர் அதிகாரத்தில் இருப்பவர்களை விட்டுவிடவில்லை என்பதும் தெரியும். தூத்துக்குடியில் போர்த்துக்கீசியத் தளபதியாக இருந்த கோஸ்மே த பைவாவின் பேராசையால் இந்தக் கரையில் நடந்த கொள்ளைகளையும் கொலைகளையும் அவர் வெளிப்படையாகக் கண்டிக்கிறார். 1544 டிசம்பரில், பைவா தம் மனச்சாட்சியின் பாரத்தை இறக்கிவைக்கவும் பறித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் உதவும்படி மன்சிலாசிடம் சொல்கிறார். யோர்தான் கரையில் படைவீரர்களிடம் யோவான் பேசியது இங்கே நினைவுக்கு வருகிறது. இந்த நேர்மையைச் சொல்லாமல் விட்டால் நாம் சவேரியாருக்கு அநீதி செய்தவர்களாவோம்.

ஆனாலும் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கொள்ளையடித்த தளபதிக்கு மனச்சாட்சி இருக்கிறது. அதை இறக்கிவைக்க ஒரு குருவின் துணை கிடைக்கிறது. குடித்த பெண்ணுக்கு உடல் மட்டும் இருக்கிறது. அதைப் பிடித்து அடைக்க ஒரு காவலன் கிடைக்கிறான். அவள் ஏன் குடித்தாள், எந்த வலிக்குக் குடித்தாள் என்று கேட்க அந்தக் கடிதத்தில் இடம் இல்லை.

இந்தக் கரையின் பணத்தில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். பரதவர்கள் செலுத்திய வருவாயில் ஆண்டுக்கு 4,000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மறைக்கல்வி சொல்லித்தரும் கணக்கப்பிள்ளைமாருக்குச் சம்பளம் கொடுக்க அந்தப் பணத்தைக் கேட்டு சவேரியார் அரசிக்கு எழுதினார்; அரசியும் விட்டுக்கொடுத்தார். கடலுக்கடியில் மூச்சடக்கி எடுத்த முத்தின் காசு லிஸ்பனில் செருப்பாகி, மறுபடி புன்னைக்காயலில் செபப்பாடமாகத் திரும்பியது. உண்மையில் ஒன்று திரும்பியதென்றால் அது இந்தப் பணம்தான்.

கேட்கும் காது

சவேரியாருக்குப் பின் வந்தவர் அன்றிக்கே அன்றிக்கஸ். 1520இல் போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் பிறந்தவர். கட்டாயத்தால் கிறிஸ்தவரான யூதர்களின் வழிவந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. இயேசு சபையில் சேர்ந்து இங்கே வந்து, தமிழைக் கற்று, இலக்கணமும் எழுதி, 1600இல் புன்னைக்காயலில் இறந்தார். தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். தன் முன்னோர்மீது மதமாற்றம் எப்படித் திணிக்கப்பட்டது என்பதை அறிந்த ஒருவர்தான் இன்னொரு கரையின் மக்களுக்கு மனந்திரும்புதலைத் தமிழில் எழுதித் தந்தார்.

1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறுநூல். அச்சுவேலைக்குப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1580இல் ‘கொம்பெசியொனாயரு’ வந்தது. பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கையேடு அது. பத்துக் கட்டளைகளை வரிசையாக எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்டுக் கேட்டுப் பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருகிற நூல். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று பாவங்களை விசாரிக்கும் கேள்வித் தொகுப்பு என்பதை நம் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கையேட்டை வெறும் கண்காணிப்புக் கருவி என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. ஆரம்பத்தில் குருக்கள் துபாஷிகளை வைத்துக்கொண்டுதான் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். தன் அந்தரங்கத்தை ஒரு பெண் இரண்டு ஆண்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிக்கஸ் தமிழ் கற்றதால் அது ஓர் ஆணாகக் குறைந்தது. கரைப் பெண் ஒருத்தி தன் மொழியில் ‘நான்’ என்று தொடங்கித் தன்னைப் பற்றிப் பேசவும், ஒருவர் குறுக்கிடாமல் கேட்கவும் ஓர் இடம் உண்டானது. அது சிறிய விஷயமல்ல. ஆனால் அந்த இடத்தில் அவள் தன் குற்றங்களைப் பற்றி மட்டுமே பேசலாம். தனக்கு இழைக்கப்பட்ட குற்றங்களை அடுக்குவதற்கு அப்படியொரு கையேடு அச்சாகவில்லை.

கோகிலா என்ற கிளாரிந்தா

இருநூறு ஆண்டுகள் கழித்து, கத்தோலிக்கக் கரையிலிருந்து உள்ளே, சீர்திருத்தச் சபை கால்வைத்த பாளையங்கோட்டைக்கு வருவோம். கோகிலா என்ற மராட்டியப் பிராமணக் கைம்பெண் அங்கே லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தாள். அவளுக்குக் கிறிஸ்தவப் போதனைகளைச் சொல்லித்தந்தவரே அந்த அதிகாரிதான். மணந்துகொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார், மணக்கவில்லை. தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்சிடம் அவள் திருமுழுக்குக் கேட்டபோது, அந்த உறவில் நீடிக்கும்வரை தர முடியாது என்று மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின் 1778இல்தான் அவளுக்குத் திருமுழுக்கு. பெயர் கிளாரிந்தா ஆயிற்று.

சுவார்ட்ஸ் எளிமையும் நேர்மையும் உள்ளவர் என்று ஐதர் அலியே நம்பிய மனிதர். தம் சபை விதிப்படி நடந்தார். ஆனால் கணக்கைப் பாருங்கள். உறவு ஒன்று, அதில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிறப்பால் கிறிஸ்தவர். வாக்குத் தவறியவர் அவர். வாசலில் நிறுத்தப்பட்டவள் அவள். மணம் செய்வது அவர் கையில் இருந்தது. அது நடக்காததற்கான விலை அவள் தலையில் விழுந்தது.

அதற்குப் பின் கிளாரிந்தா செய்ததை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் அவளுடையது. தன் முயற்சியில் கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கோயிலைக் கட்டி எழுப்பினாள். 1785இல் அதே சுவார்ட்ஸ் வந்து அதை அர்ப்பணம் செய்தார். வாசலில் நிறுத்தியவருக்கு அவளே ஒரு வாசல் கட்டிக் கொடுத்தாள். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு அவளிடமிருந்தே தொடங்குகிறது. 1915இல் அ. மாதவையா ஆங்கிலத்தில் அவளை நாவலாக்கினார். அந்தக் கோயிலை ஊர் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறது. அவள் உடைத்துக்கொண்டு வந்த சாதியையே ஊர் அவள் பெயராக வைத்துக்கொண்டது.

கொற்கையின் கழுவாய்

இதைப் படித்துவிட்டு இது கிறிஸ்தவத்தின் குறை மட்டுமே என்று யாராவது நிம்மதியடைந்தால் அவர்களைக் கொற்கைக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். கடல் பின்வாங்கி உள்ளே கிடக்கும் சிற்றூராக இருந்தாலும் பாண்டியரின் முத்துத் துறைமுகம் அதுதான். சிலப்பதிகாரத்தில், கண்ணகியின் கேள்விக்கு முன் தன் தவற்றை உணர்ந்த நெடுஞ்செழியன் அந்த இடத்திலேயே உயிர்விடுகிறான். அதிகாரம் ஒரு பெண்ணின் முன் குற்றத்தை ஒப்புக்கொண்ட அரிய கணம் அது. அடுத்து என்ன நடக்கிறது? கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிடுகிறான். தீர்ப்புச் சொன்னது அரண்மனை, கழுத்தறுபட்டது கைவினைஞர்கள். ஒருவருடைய கழுவாயை இன்னொருவர் தலையில் சுமத்துவது நமக்குக் கப்பலில் வந்து இறங்கிய வழக்கமல்ல.

இன்று

இப்போது அந்த உப்பளத்து ஒலிபெருக்கிக்கு வருகிறேன். சில பெந்தெகொஸ்தே சபைகளில் திருமுழுக்குக்கு முன் பெண்கள் நகையைக் கழற்ற வேண்டும். கம்மல், மூக்குத்தி, சில இடங்களில் தாலியும். பூ வைக்கக் கூடாது. வேறு ஊர்களில், வேறு மதங்களில் இதே பட்டியல் வேறு சொற்களில் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொன்னால், உன் செபம் குறைவு, நீ முதலில் மனந்திரும்பு, அவர் தானாகத் திருந்துவார் என்று பதில் வருவதாக எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்கிறார்கள். 1544இல் குடித்த பெண்ணைச் சிறையில் அடைத்தார்கள். இன்று குடித்த ஆணுக்காகப் பெண் உபவாசம் இருக்கிறாள்.

அப்படியும் அந்தப் பெண்கள் கூட்டத்துக்குப் போவது முட்டாள்தனத்தால் அல்ல. பகல் முழுதும் யாரும் அவர்களை உட்காரச் சொல்லவில்லை, அங்கே உட்காரலாம். வீட்டில் அழுதால் அபசகுனம், அங்கே அழலாம். பக்கத்தில் இருப்பவள் தோளில் கை வைப்பாள். சாதி பார்க்காமல் பெயர் சொல்லிச் செபிப்பார்கள். மருத்துவமனை வாசலில் கிடைக்காத ஒரு காது அங்கே கிடைக்கிறது. பெண்ணியம் பேசும் நாம் அவர்களுக்கு அப்படி ஓர் இடத்தைத் தந்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த இடம் அவர்களுக்கு இருக்கட்டும். சொல்லின் திசையைத்தான் நாம் மீட்க வேண்டும். ‘நாங்கள் என்னதான் செய்வது?’ என்று யோர்தான் கரையில் கேட்டவர்கள் வரி பிரிப்பவர்களும் படைவீரர்களும். அந்தக் கேள்வியை இன்று கேட்க வேண்டியவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். பெண்களுக்குக் குடிதண்ணீரும் ஒதுங்க ஒரு மறைவும் ஏற்படுத்தாமல் உப்பளம் நடத்துகிறவர் கேட்கலாம். மகள் சாதி மாறிக் காதலித்தாள் என்று அரிவாள் எடுக்கும் தகப்பன் கேட்கலாம். புகார் கொடுக்க வந்தவளை அவள் உடையைப் பற்றி விசாரிக்கும் காவலர் கேட்கலாம். அவர்கள் திரும்பி நடக்க வேண்டிய தூரம் அதிகம். கோயிலும் மசூதியும் சபையும் அவர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கும் நாளில், பணியாரம் விற்றவளிடம் ஒருவன் வந்து தலைகுனிய வேண்டிய பாக்கி இன்னும் இருக்கிறது என்பதையும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.